எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே

(தற்கொலை அபாயத்தில் இருப்பவர்களுக்கான சிகிச்சை குறித்து ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று எடுத்துக்கொண்டிருப்பது பாரமான விஷயம். இந்த அரங்கில், வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் இருப்பீர்கள். அந்த விளிம்புவரை போய்த் திரும்பி வந்தவர்களும் இருப்பீர்கள். யாரிடமும் சொல்லாமல் இப்போதும் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள்கூட இருக்கலாம். உங்களை மனதில் வைத்தே பேசுகிறேன். யார் எப்படி இறந்தார்கள் என்ற விவரம் எதுவும் இந்தப் பேச்சில் வராது. முயன்று பிழைத்த ஒருவர் மறுபடி அந்த இடத்துக்குப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் பேசப்போகிறேன்.

ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 120 பேர் அதில் பங்கெடுத்தார்கள். நான்கில் மூன்று பேருக்குக் கடுமையான மனச்சோர்வு. மூன்றில் இரண்டு பேருக்குக் குடியோ வேறு போதைப்பழக்கமோ இருந்தது. மருத்துவமனைகள் அவசரமாக அனுப்பிவைத்துவிட்டு மறந்துவிடும் மனிதர்கள் இவர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகரி பிரவுன், ஆரன் பெக் குழுவினர் இவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். வழக்கமான சிகிச்சையும், தொடர்ந்து விசாரித்துக்கொள்ள ஓர் ஆளும் இரு பிரிவுக்கும் உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாகப் பத்து அமர்வுகள் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சுருக்கமாக சிபிடி என்று சொல்கிறோமே, அது. பதினெட்டு மாதம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான உதவி மட்டும் கிடைத்தவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் அதற்குள் மறுபடி முயன்றிருந்தார்கள். பத்து அமர்வுகள் கிடைத்தவர்களில் 24 சதவீதம். 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்த முடிவு வெளியானது.

அதே ஆய்வில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற இன்னொரு முடிவு இருக்கிறது. தற்கொலை எண்ணம் எந்த அளவுக்கு வருகிறது என்று இரு பிரிவினரையும் அவ்வப்போது கேட்டுப் பதிவு செய்தார்கள். அதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சிகிச்சை பெற்றவர்களுக்கும் அந்த எண்ணம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மற்றப் பிரிவோடு ஒப்பிட்டால், அவர்களில் கணிசமாகக் குறைவானவர்களே அதைச் செயலாக்கப் போனார்கள்.

இந்த இரண்டாவது முடிவை விரித்துச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது" என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். அம்மா சொல்கிறார், ஆசிரியர் சொல்கிறார், சில சமயம் மருத்துவரும் சொல்கிறார். நினைப்பு வருவது அவர் கையில் இல்லை. வந்த பிறகு அடுத்த அரை மணி, ஒரு மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பதில் அவரும் நாமும் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

இந்தச் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக் 1921-இல் பிறந்து, நூறு வயது கடந்து 2021-இல் மறைந்தவர். ஃபிராய்டு வழியில் உளப்பகுப்பாய்வு பயின்றவர். மனச்சோர்வு என்பது தன்மீதே திரும்பிய கோபம் என்று அந்த வழியினர் நம்பினார்கள். அதற்கு ஆதாரம் தேடித்தான் பெக் நோயாளிகளின் கனவுகளைத் தொகுத்துப் பார்த்தார். கோபம் அகப்படவில்லை. தோற்பதும் இழப்பதும் ஒதுக்கப்படுவதுமே கனவு தோறும் வந்தன. விழித்திருக்கும்போது அவர்கள் சொன்னதைக் கேட்டபோதும் அதேதான். வாய் ஏதோ பேசிக்கொண்டிருக்க, உள்ளே தானாக இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது: நான் உதவாதவன், என்னைக் கண்டால் இவருக்கு அலுப்பு, இது எப்போதும் மாறப்போவதில்லை. அந்த உள்பேச்சைப் பிடித்து, இருவருமாகச் சேர்ந்து அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எளிய துணிவிலிருந்து 1960களில் இந்தச் சிகிச்சை பிறந்தது.

அந்த உள்பேச்சில் எது ஆளைக் கொல்கிறது என்று பெக் தேடினார். 1974-இல் நம்பிக்கையின்மையை அளக்க இருபது வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உண்மை அல்லது தவறு என்று குறித்தால் போதும். பிறகு, தற்கொலை எண்ணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 207 பேரைப் பத்து ஆண்டுவரை தொடர்ந்து கவனித்தார். அவர்களில் 14 பேர் பின்னாளில் தற்கொலையால் இறந்தார்கள். இறந்தவர்களையும் வாழ்ந்தவர்களையும் சோகத்தின் அளவு பிரித்துக் காட்டவில்லை. நாளை என்று ஒன்று தனக்கு இல்லை என்ற முடிவுதான் பிரித்துக் காட்டியது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தில் அதிக மதிப்பெண் பெற்றவர்களில் பெரும்பாலோர் இறக்கவில்லை. எந்தப் படிவமும் 'இவர் இறப்பார்' என்று ஒரு தனிமனிதரைச் சுட்டிக்காட்டாது. எங்கே கை வைத்து உதவ வேண்டும் என்பதைத்தான் அது நமக்குக் காட்டும்.

நாளை ஏன் ஒருவருக்கு இல்லாமல் போகிறது? இதற்கு இங்கிலாந்திலிருந்து எதிர்பாராத ஒரு தடயம் கிடைத்தது. 1986-இல் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் 'மகிழ்ச்சி' போன்ற ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளைச் சொன்னார்கள். பிழைத்து வந்தவர்களுக்கு அது கடினமாக இருந்தது. 'சின்ன வயசுல அப்பாகூட வெளிய போவோம்' என்பதுபோலப் பொதுவாகச் சொன்னார்களே தவிர, எந்த நாள், எந்த ஊர், அப்பா என்ன சொன்னார் என்று ஒரு நாளுக்குள் இறங்க முடியவில்லை. நேற்றைக்குள் இறங்க முடியாதவருக்கு நாளையைக் கட்டுவதும் கடினம். போன தடவை இப்படி ஒரு நெருக்கடி வந்தபோது எப்படிச் சமாளித்தோம் என்று யோசித்தால், 'எப்பவும் இப்படித்தான்' என்ற ஒற்றை வரிதான் அவருக்குப் பதிலாக வருகிறது. ஒரு நல்ல சிகிச்சையாளர் ஏன் விவரம் விவரமாகக் கேட்கிறார் என்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. அப்படிக் கேட்பதே சிகிச்சையின் ஒரு பகுதி.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று காட்ட ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்கிறேன். இவர் உண்மையான ஒரு நபர் அல்ல. வயது முப்பத்தைந்து. வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். மூன்று இடத்தில் குழுக்கடன். எட்டாவது படிக்கும் ஒரு மகள். தற்கொலைக்கு முயன்று, பிழைத்து, மருத்துவமனையிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது.

முதல் அமர்வில் யாரும் அவருக்குப் புத்தி சொல்வதில்லை. அந்த நாள் எப்படிப் போனது என்று அவரையே சொல்லவிடுகிறார்கள். காலையில் குழுக் கூட்டம். அவருடைய தவணைப் பணம் வராததால் மற்ற பெண்கள் யாரையும் வீட்டுக்கு விடவில்லை. கலெக்‌ஷனுக்கு வந்த பையன் எல்லோர் முன்னாலும் பேசிய பேச்சு. மதியம் சாப்பிடவில்லை. முந்தைய இரவே தூக்கம் கிடையாது. சாயங்காலம் அண்ணனுக்கு மூன்று முறை போன் அடித்தார். எடுக்கவில்லை.

"அண்ணன் போன் எடுக்கலைன்னதும் மனசுல என்னம்மா ஓடுச்சு?"

"அவனுக்கும் நான் வேண்டாதவளாயிட்டேன்னு தோணுச்சு, டாக்டர். நான் ஒருத்தி இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதின்னு தோணுச்சு."

"அதுக்கு முன்னாடி, கூட்டத்துல இருக்கும்போது அப்படித் தோணுச்சா?"

"இல்ல. அப்ப அவமானமாத்தான் இருந்துச்சு. சாகணும்னு தோணல."

இந்தப் பதில் விலைமதிப்பில்லாதது. 'திடீர்னு ஆயிடுச்சு' என்று அவரும் குடும்பமும் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, காலையிலிருந்து மாலைவரை ஒன்றன்பின் ஒன்றாக வந்த சங்கிலி என்று இப்போது தெரிகிறது. தூக்கமின்மை, பசி, அவமானம், எடுக்கப்படாத போன், அதற்கு அவர் கொடுத்துக்கொண்ட அர்த்தம். ஒவ்வொரு கண்ணியிலும் வேறொன்று நடந்திருக்கலாம். காகிதத்தில் கோடு போட்டு, நேரம் குறித்து, இருவரும் அந்தச் சங்கிலியை வரைகிறார்கள்.

அண்ணன் விஷயத்தில் சிகிச்சையாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்' என்று ஆறுதல் சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் பணம் கேட்பாள் என்று பயந்தே அவர் எடுக்காமல் இருந்திருக்கலாம். சிபிடி என்றால் கெட்டதை எல்லாம் நல்லதாகப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அப்படிச் சொல்லிக்கொடுப்பவரை நம்பி யாரும் இரண்டாவது தடவை வரமாட்டார்கள். அண்ணன் உண்மையிலேயே ஒதுங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒதுங்கினார் என்பதிலிருந்து 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற இடத்துக்கு மனம் ஒரே தாவலாகத் தாவியது. அந்தத் தாவலைத்தான் நிறுத்திப் பார்க்கிறார்கள். அன்று மாலை வேறு யாருக்கு அழைத்திருக்கலாம்? மகளிடம் கேட்டால் அவள் இதைப் பற்றி என்ன சொல்வாள்? பக்கத்து வீட்டு அக்கா இதே நிலையில் இருந்தால் நீங்கள் அவரைப் பாரம் என்று நினைப்பீர்களா? பதில்களை அந்தப் பெண்ணே தேடிக் கண்டெடுக்க வேண்டும். கண்டெடுத்ததை ஒரு சிறிய அட்டையில் எழுதிக்கொள்கிறார். ஒரு பக்கம் அந்த எண்ணம், மறுபக்கம் அதற்கு அவர் சொந்த வார்த்தையில் எழுதிய பதில். தான் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பு தற்கொலையில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் விரிவாக எழுதியிருக்கிறார். நம்முடைய வீடுகளில், அதுவும் முதியவர்கள் வாயில், இந்தச் சொல் எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். அதைக் கேட்கும்போது காது கூர்மையாக வேண்டும்.

முதல் அமர்விலேயே இன்னொரு வேலையும் முடிந்தாக வேண்டும். அதற்கு முன் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். பிழைத்து வந்தவரைச் சுற்றி நின்று, "இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்று அம்மா கேட்பார். அன்பில்தான் கேட்கிறார். மேலைநாட்டு மருத்துவமனைகளிலும் இதே சத்தியத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அது உயிரைக் காக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. எதைச் செய்யக் கூடாது என்று சத்தியம் சொல்கிறது. அந்த நேரத்தில் எதைச் செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. போதாததற்கு, எண்ணம் மறுபடி வந்தால் சத்தியத்தை மீறிவிட்டோமோ என்ற குற்றவுணர்வில் அதை மறைக்கவும் செய்கிறார்கள்.

சத்தியத்தின் இடத்தில் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை வைத்தார்கள். ஒரே தாள். அந்தப் பெண்ணின் சொற்களிலேயே எழுதுவது. முதலில், நிலைமை மோசமாகிறது என்பதற்கு அவருக்கே தெரிந்த அறிகுறிகள்: இரண்டு இரவு தூங்கவில்லை, யார் பேசினாலும் எரிச்சல், 'நான் ஒருத்தி இல்லன்னா' என்ற வரி தலையில் ஓடுவது. அடுத்து, யாருடைய துணையும் இல்லாமல் தானே செய்யக்கூடியவை: தலைக்குக் குளிப்பது, பாட்டுப் போடுவது, தெருமுனைவரை நடப்பது. பிறகு, தன் கஷ்டத்தைச் சொல்லாமலேயே போய் உட்காரக்கூடிய இடம், மனிதர்கள்: கோயில் பிராகாரம், பூக்கடை அக்கா. அதற்கடுத்து, வாய்விட்டு உதவி கேட்கக்கூடியவர்கள், எண்ணோடு. பிறகு மருத்துவமனையும் உதவி எண்களும். தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. இந்தியா முழுவதற்குமான டெலி மனஸ் 14416. சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. கடைசியாக, ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுவது அல்லது வேறொருவர் பொறுப்பில் வைப்பது. ஒவ்வொரு வரியிலும் "இதை அந்த நேரத்துல உங்களால செய்ய முடியுமா? எது தடுக்கும்?" என்று கேட்டுத் திருத்த வேண்டும். போனில் பேலன்ஸ் இருக்காது என்றால் அதற்கும் ஒரு வழி எழுத வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியாது. அதனால்தான் தண்ணீர் வடிந்திருக்கும் நாளில் இந்தத் தாளை எழுதுகிறோம்.

ஒரு தாளால் என்ன ஆகும் என்று தோன்றலாம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், தற்கொலை நெருக்கடியோடு வந்த 1,640 பேரை வைத்துச் செய்த ஒப்பீடு 2018-இல் வெளியானது. இந்தத் தாளை எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போன பிறகு போன் செய்து விசாரித்த மருத்துவமனைகளில், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை தொடர்பான நடத்தை 45 சதவீதம் குறைவாக இருந்தது.

அந்தத் தாளின் கடைசி வரியான, ஆபத்தான பொருட்களை அகற்றுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். 'சாக முடிவெடுத்தவர் எப்படியும் செத்துவிடுவார், ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இதைவிடத் தீங்கான பொய் இந்தத் துறையில் இல்லை. பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் அது ஒன்று. கொடிய நஞ்சுள்ள பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-க்கும் 2015-க்கும் இடையே விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. போரும் வறுமையும் அந்த ஆண்டுகளிலும் இருந்தன. மக்களின் துயரம் எழுபது சதவீதம் குறைந்துவிடவில்லை. துயரம் உச்சத்தில் இருந்த அந்தச் சிறிது நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் சாவு இல்லை. அந்த நேரம் கடந்ததும் அவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்தார்கள். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் பல ஆய்வுகள் சொல்லும் உண்மைதான். நம் கடலூர் மாவட்டத்தில்கூட, விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் பூட்டி வைக்கும் முயற்சியை லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்தார்கள். அடுத்த அமர்வுக்கு அந்தப் பெண்ணோடு கணவரோ அம்மாவோ வந்தால் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

நடு அமர்வுகளில் வாழ்வதற்கான காரணங்களைச் சேகரிக்கச் சொல்கிறார்கள். பேச்சாக அல்ல, பொருளாக. ஒரு டப்பா, அதற்குள் மகள் ஒன்றாம் வகுப்பில் வரைந்த படம், தைத்த முதல் ஜாக்கெட்டுக்கு வாங்கிய கூலி நோட்டு, அம்மாவோடு எடுத்த ஒரு போட்டோ. ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் இறங்க முடியாமல் போகும் மனம் என்று சொன்னேன் அல்லவா? அந்த மனத்துக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு நாளைக் கொடுக்கிறது அந்த டப்பா. அமெரிக்கப் படைவீரர்களுக்காக இதையே கைபேசிச் செயலியாகவும் ஆக்கியிருக்கிறார்கள். வீரர்களிடையே இந்தச் சிகிச்சையின் சுருக்க வடிவம் நன்றாகவே வேலை செய்தது. கொலராடோவின் ஃபோர்ட் கார்சன் தளத்தில் 152 பேரிடம் டேவிட் ரட் குழுவினர் நடத்திய ஆய்வு 2015-இல் வந்தது. இரண்டு ஆண்டில் மறுபடி முயன்றவர்கள், சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 14 சதவீதம், பெறாதவர்களில் 40.

நீங்கள் இப்போது கேட்க நினைக்கும் கேள்வி எனக்குத் தெரியும். கடன்? அந்தப் பெண்ணின் கடன் அப்படியேதானே இருக்கிறது? குடித்துவிட்டு அடிக்கும் கணவர் இருந்தால் அவரை எந்த அட்டை மாற்றும்?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் சிகிச்சை நேர்மையற்றது என்பது என் உறுதியான கருத்து. எண்ணத்தை ஆராய்வது இந்தச் சிகிச்சையில் பாதி. மறுபாதி, பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதில் கை வைக்க முடியும் என்று பார்ப்பது. அதற்குச் சிகிச்சையாளருக்கு ஊர் விவரம் தெரிந்திருக்க வேண்டும். நுண்கடன் வசூலுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் வகுத்திருக்கிறது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டலும் வசைச்சொல்லும் கூடாது. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகும்படி கடன் தரக் கூடாது. இதைத் தெரிந்த சிகிச்சையாளர், "உங்க மூணு கடனையும் ஒரு தாள்ல எழுதுவோமாம்மா, எது எவ்வளவு, எவ்வளவு பாக்கி" என்று தொடங்கலாம். அதுவரை அந்தப் பெண் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்கவே பயந்திருப்பார். அடி விழும் வீடு என்றால், மகளிர் உதவி எண் 181-ஐ அழைப்பதும் பாதுகாப்பான இடம் தேடுவதும் சிகிச்சைத் திட்டத்திலேயே இருக்க வேண்டும். வெளியே உண்மையில் அநீதி நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே இருப்பவரின் எண்ணத்தை மட்டும் திருத்தப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். மருந்து தேவைப்படுபவர்களுக்கு மருந்தும் வேண்டும். குடி இருந்தால் அதற்குத் தனியே சிகிச்சை வேண்டும். முதலில் சொன்ன ஆய்வில் பத்து அமர்வு பெற்றவர்களிலும் 24 சதவீதம் பேர் மறுபடி முயன்றார்கள் என்பதை மறைக்காமல் சொல்லித்தான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

பத்தாவது அமர்வை நெருங்கும்போது இந்தச் சிகிச்சையின் மிகத் துணிச்சலான பகுதி வருகிறது. அந்தப் பெண்ணைக் கண்ணை மூடி, அதே நாளுக்குத் திரும்பப் போகச் சொல்கிறார்கள். அவர் சம்மதத்தோடு மட்டும். குழுக் கூட்டம், கலெக்‌ஷன் பையன், எடுக்கப்படாத போன், எல்லாவற்றையும் மறுபடி உள்ளே உணரச் சொல்கிறார்கள். உணர்ந்த இடத்தில் நிறுத்தி, "இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்கிறார்கள். அவர் தாளை எடுக்கிறார், டப்பாவைத் திறக்கிறார், பூக்கடைக்கு நடக்கிறார். கற்பனையில்தான். பிறகு, இன்னும் வராத ஒரு மோசமான நாளைக் கற்பனை செய்து, அதற்குள்ளும் இதே ஒத்திகை. தடுமாறினால் சிகிச்சை முடியவில்லை என்று பொருள். இன்னும் சில அமர்வுகள் சேர்த்துக்கொள்கிறார்கள். நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொல்வதை வைத்து விடைகொடுப்பதில்லை. அந்த நேரத்தைக் கடக்க அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்த்தே விடைகொடுக்கிறார்கள்.

சிகிச்சையாளர் அல்லாத நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கேட்பது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். நியூயார்க் மாநிலத்தின் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் மேட்லின் கூல்ட் குழுவினர் இதைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். அந்தக் கேள்வி கேட்கப்பட்ட மாணவர்களுக்கு எண்ணமோ மனவேதனையோ கூடவில்லை. முன்பே துன்பத்தில் இருந்தவர்களுக்கும் கூடவில்லை. கேளுங்கள். பதில் 'ஆமாம்' என்று வந்தால் வாதாடாதீர்கள், அழுது காட்டாதீர்கள். "எப்பலருந்து? சொல்லு, கேக்கறேன்" என்பது போதும். அவரைத் தனியே விடாமல் உதவிக்கு அழைத்துப் போங்கள்.

இனி நம் ஊர் நிலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். முயன்று பிழைத்தவர்கள் இதைப்போலப் பல மடங்கு. அவர்களில் பலர் நம் அரசு மருத்துவமனை வார்டுகள் வழியாகத்தான் வீடு திரும்புகிறார்கள்.

வார்டில் என்ன நடக்கிறது? உடலைக் காப்பாற்ற மருத்துவர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள். அதை நன்றியோடு சொல்கிறேன். உடல் தேறியதும் டிஸ்சார்ஜ். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் குடும்பம் 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று எழுதச் சொல்கிறது. மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு தருவார்கள். பலர் போவதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டு ஆகியும் படுக்கையருகே போய்ச் சொல்பவர் இல்லாததால் அந்தக் குடும்பங்கள் இன்னும் பயந்துகொண்டே இருக்கின்றன.

முழு சிபிடி தரப் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடம் போதுமான அளவில் இல்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுக்கு நடத்தை சிகிச்சை தரவைத்தார்கள். நோயாளிகள் தேறினார்கள். 2017-இல் லான்செட் இதழில் அந்த ஆய்வு வந்தது. நம் வார்டுகளில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளரோ, டிஸ்சார்ஜுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த ஒரு தாளை எழுத முடியும். கூட இருப்பவரிடம் வீட்டிலுள்ள ஆபத்தான பொருட்களைப் பற்றிப் பேச முடியும். மூன்று நாளுக்குள் ஒரு போன், அடுத்த வாரம் ஒரு போன். டிஸ்சார்ஜ் சீட்டோடு அந்தத் தாளும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

எழுதப்படிக்கத் தெரியாதவருக்குப் படங்களோடு ஒரு வடிவம் வேண்டும், பள்ளி மாணவருக்கு வேறொன்று வேண்டும். அந்த வேலையை நாங்கள் சிலர் தொடங்கியிருக்கிறோம். இந்த அரங்கில் மருத்துவமனையில் பணிபுரிபவர்கள் இருந்தால், இப்போது கேள்வி நேரம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். தமிழில் எழுதிய அந்தத் தாளின் பிரதிகள் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வார்டுக்கு எது ஒத்துவராது என்று சொன்னால் இன்றே திருத்தி எழுதலாம்.